சிக்கன் 65: நிறம் வேறு, சுவை வேறு

லண்டனின் ஈஸ்ட் ஹாம், பாரிஸின் லா ஷப்பல், டொரண்டோவின் ஸ்காபரோ, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா எனத் தமிழர்கள் கூடும் வட்டாரங்களில் உள்ள உணவகங்களில், உணவுப் பட்டியலின் தொடக்கத்திலேயே சிக்கன் 65 என்ற பெயரைக் காணலாம். வெளிநாடுகளில் நடைபெறும் பிறந்தநாள் விழாக்களிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் முதலில் காலியாகும் தட்டு பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. அந்தத் தட்டை முதலில் சூழ்ந்துகொள்பவர்கள் சிறுவர்கள்.

இந்த உணவை அதன் சுவையைக் கொண்டு அடையாளம் காண்பவர்களைவிட, அதன் நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்பவர்களே அதிகம் எனலாம். பளிச்சென்ற சிவப்பாக இல்லாவிட்டால் அது சிக்கன் 65 அல்ல என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது, அது தேவைதானா, அது இல்லாமல் வீட்டில் ஒரு மணி நேரத்துக்குள் இந்த உணவைச் சரியாகச் சமைப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பிறப்பும்

சென்னை அண்ணா சாலையில், அன்றைய மவுண்ட் ரோட்டில், ஏ. எம். புகாரி 1951-ஆம் ஆண்டு தொடங்கிய புகாரி உணவகமே சிக்கன் 65-இன் பிறப்பிடம் என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. 1965-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டதால் அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பது அந்த உணவகம் தரும் விளக்கம். பிற்காலத்தில் சிக்கன் 78, சிக்கன் 82, சிக்கன் 90 என்ற பெயர்களிலும் அங்கு உணவுகள் அறிமுகமாகின. அவற்றின் எண்களும் ஆண்டுகளையே குறிக்கின்றன என்பதால் இந்த விளக்கம் நம்பத்தகுந்ததாகவே உள்ளது.

இதைத் தவிர வேறு கதைகளும் உண்டு. 65 நாள் வளர்ந்த கோழியில் செய்யப்படுவது என்கிறார்கள் சிலர். 65 மிளகாய்கள் சேர்க்கப்படுவதாக வேறு சிலர் கூறுகின்றனர். உணவுப் பட்டியலில் 65-ஆவது இடத்தில் இருந்ததால் படைவீரர்கள் எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்கினார்கள் என்பது மற்றொரு கதை. இவற்றில் எதற்கும் உறுதியான சான்று இல்லை. இன்றைய பிராய்லர் கோழி ஆறு வாரங்களுக்குள்ளேயே விற்பனைக்குத் தயாராகிவிடுகிறது என்பதால், 65 நாள் கதை இன்றைய சந்தைக்குப் பொருந்தவும் செய்யாது.

எனினும் பிராய்லர் கோழிக்கும் இந்த உணவின் பரவலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முற்றிய நாட்டுக்கோழியின் தசை இறுக்கமானது. நீண்ட நேரம் கொதித்தால்தான் மென்மையாகும். ஐந்தாறு நிமிடம் எண்ணெயில் பொரிப்பது அதற்குப் போதாது. பல்லடம், கோவை வட்டாரத்தில் பிராய்லர் வளர்ப்பு பெருந்தொழிலாக வளர்ந்து, இளங்கோழி இறைச்சி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, ஒரு பெரிய உணவகத்தின் சிறப்பு உணவாக இருந்தது தள்ளுவண்டிக் கடைகள் வரை வந்து சேர்ந்தது. விரைவாகச் சமைக்க முடிவதே இந்த உணவின் பலம். அந்த விரைவுதான் இதை வெளிநாட்டில் வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களுக்கும் ஏற்றதாக ஆக்குகிறது.

இரண்டு வகைச் சிவப்பு

சிக்கன் 65-இல் சிவப்பு வரக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று மிளகாய்; மற்றொன்று செயற்கை நிறப்பொடி.

மிளகாயின் சிவப்புக்குக் காரணம், கேரட்டிலும் தக்காளியிலும் உள்ளவற்றோடு உறவுடைய கரோட்டினாய்டு என்ற வகை நிறமிகள். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேறொரு பொருள். இரண்டும் தனித்தனியானவை என்பதால், நிறம் அதிகமாகவும் காரம் குறைவாகவும் உள்ள மிளகாய் வகைகள் இருக்கின்றன. காஷ்மீரி மிளகாயும், கர்நாடக மாநிலம் ஹாவேரி மாவட்டத்தின் பியாடகி மிளகாயும் இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்கத்திய நாடுகளின் பேரங்காடிகளில் கிடைக்கும் காரமற்ற பாப்ரிகா பொடியும் இதே குடும்பம்தான்.

இந்த இயற்கை நிறமி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. செயற்கை உணவு நிறங்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாகத் தண்ணீரில் கரைபவை. தயிரும் எலுமிச்சைச் சாறும் கலந்த கோழி இறைச்சியில் ஒரு சிட்டிகை நிறப்பொடியைத் தூவியதும் எல்லாத் துண்டுகளும் ஒரே சீராகச் சிவப்பதும், சமைப்பவரின் விரல்களில் அந்த நிறம் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

உணவகங்கள் நிறப்பொடியை நாடுவதற்கு வணிகக் காரணங்கள் இருக்கின்றன. மிளகாயின் நிறம் விளைச்சலுக்கு விளைச்சல் மாறும். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் நாள்பட இருந்தால் மிளகாய்த்தூள் வெளிறிப் பழுப்பாகிவிடும். பொரிக்கும்போதும் அது கருஞ்சிவப்பாக மாறும். வாடிக்கையாளரோ சென்ற முறை கண்ட அதே நிறத்தை இம்முறையும் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றித் தருவது நிறப்பொடி. அது சுவைக்கு எதையும் சேர்ப்பதில்லை. மணத்துக்கும் எதையும் சேர்ப்பதில்லை.

ஓர் உணவு, பல சட்டங்கள்

செயற்கை நிறங்கள் குறித்து உலக நாடுகள் ஒருமித்த நிலைப்பாட்டில் இல்லை. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 300 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியும் கலந்த பானத்தை அருந்திய குழந்தைகளிடம் துறுதுறுப்பு சற்று அதிகரிப்பது தெரியவந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அடுத்த ஆண்டு இதைப் பரிசீலித்து, இந்தச் சான்று வரம்புக்குட்பட்டது என்றே மதிப்பிட்டது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. குறிப்பிட்ட ஆறு நிறங்களைக் கொண்ட உணவுப் பொட்டலங்களில், குழந்தைகளின் செயல்பாட்டிலும் கவனத்திலும் அவை பாதகமான விளைவை ஏற்படுத்தக்கூடும் என்ற எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்ற விதி 2010 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

அறிவியல் முழு உறுதியுடன் பேசாத இடத்தில், தடை விதிக்காமல் தகவலைத் தந்து முடிவை மக்களிடம் விடுவது என்ற அரசியல் தேர்வு இது. அந்தத் தேர்வில் ஓர் இடைவெளி உண்டு. எச்சரிக்கை பொட்டலத்தின் மீது அச்சிடப்படுகிறது. உணவகத்தில் பரிமாறப்படும் தட்டின் மீது யாரும் அதை ஒட்டுவதில்லை. இங்கிலாந்தின் சரே பகுதியில் 2004-ஆம் ஆண்டு வணிகத் தர அதிகாரிகள் இந்திய உணவகங்களின் சிக்கன் டிக்கா மசாலாவைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்ட உணவகங்களில் நிறங்கள் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கார்மோய்சின், பொன்சோ 4 ஆர் ஆகிய சிவப்பு நிறங்கள் அங்கு உணவில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆனால் இந்தியாவில் குறிப்பிட்ட சில உணவுகளில் அவை அனுமதிக்கப்பட்டவை. எரித்ரோசின் எனப்படும் சிவப்பு எண் 3-க்கு உணவில் அளித்திருந்த அனுமதியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. உற்பத்தியாளர்கள் மாற்றம் செய்துகொள்ள 2027 ஜனவரி வரை அவகாசம் தரப்பட்டது.

இந்தியாவில் செயற்கை நிறங்களைச் சேர்க்கக்கூடிய உணவுகள் எவை என்று விதிகளில் பட்டியலிடப்பட்டுள்ளது. உணவகங்களில் பொரிக்கப்படும் கோழி இறைச்சி அந்தப் பட்டியலில் இல்லை. கர்நாடக அரசு 2024-ஆம் ஆண்டு கபாப் கடைகளிலிருந்து 39 மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில், 8 மாதிரிகள் செயற்கை நிறங்களால் பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டன. அவற்றில் சன்செட் யெல்லோ, கார்மோய்சின் ஆகிய நிறங்கள் இருந்தன. இதையடுத்து அவ்வாண்டு ஜூன் மாதம் சைவ, கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதற்கு அம்மாநிலம் தடை விதித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், துணிச் சாயமான ரோடமின்-பி கண்டறியப்பட்டதால் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடை செய்யப்பட்டதும் நினைவுகூரத்தக்கது.

இந்தச் சட்டங்கள் எல்லாமே தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் உரியவை. வீட்டு அடுப்பங்கரைக்கு எந்த நாட்டிலும் ஆய்வாளர் வருவதில்லை. மேசைக்கரண்டியால் அளக்கப்படும் நிறப்பொடிக்கு அங்கு உச்சவரம்பும் இல்லை. தெற்காசியக் கடைகளில் வாங்கும் ஆயத்த சிக்கன் 65 மசாலாப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பொறுப்பு சமைப்பவருடையதே. ஐரோப்பியப் பொட்டலங்களில் ஈ-102, ஈ-110, ஈ-122, ஈ-124, ஈ-129 என்ற குறியீடுகளையும், அமெரிக்கப் பொட்டலங்களில் சிவப்பு எண் 40, மஞ்சள் எண் 5, மஞ்சள் எண் 6 என்ற பெயர்களையும் கவனிக்கலாம்.

மிளகாய்த்தூளிலும் கவனம் தேவை

நிறப்பொடியைத் தவிர்த்துவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்வி எழலாம். மிளகாய்த்தூளிலேயே கலப்படம் நடந்த வரலாறு உண்டு. மெழுகுக்கும் காலணி மெருகுக்கும் பயன்படும் சூடான்-1 என்ற தொழிற்சாலைச் சாயம், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்த்தூளில் கலந்திருப்பது 2003-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்ற ஐயத்தால் உணவில் தடை செய்யப்பட்ட சாயம் அது. பழைய இருப்பிலிருந்த அத்தகைய மிளகாய்த்தூள் ஒரு சுவைச்சாற்றில் சேர்க்கப்பட்டு, அது பிற உணவுகளுக்கும் பரவியதால், 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரின் மேற்பரப்பில் மிளகாய்த்தூளைச் சிறிது தூவினால், தண்ணீரில் கரையும் செயற்கைச் சாயம் இருக்கும் பட்சத்தில் நிறக்கோடுகள் உடனே கீழிறங்குவதைக் காணலாம். ஆனால் சூடான் வகைச் சாயங்கள் எண்ணெயில் கரைபவை என்பதால் இந்தச் சோதனையில் அவை தப்பிவிடும். எனவே வெளிநாடுகளில் வசிப்பவர்கள், இறக்குமதியாளரின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்ட பொட்டலங்களை வாங்குவது நல்லது. அல்லது முழு மிளகாயை வாங்கி, காம்பு நீக்கி, சற்றே சூடாக்கி, வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம். அரைத்த தூளை இறுக மூடி உறைபெட்டியில் வைத்தால் நிறம் பல மாதங்கள் நிலைக்கும்.

ஊறவைத்தல்: அரை மணி நேரம் போதும்

நான்கு பேருக்கு 500 கிராம் எலும்பு நீக்கிய கோழி இறைச்சி தேவைப்படும். நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதி ஏற்றது. அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம் இருப்பதால், ஒரு நிமிடம் கூடுதலாகப் பொரிந்தாலும் வறண்டுபோவதில்லை. இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே சீரான துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அளவு மாறுபட்டால் சிறியவை கருகும்போது பெரியவை வேகாமல் இருக்கும்.

முதலில் 2 தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளை 1 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான எண்ணெயில் குழைத்து ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். எண்ணெயில் கரையும் நிறமி இதனால் வெளிப்பட்டு, எண்ணெயே செந்நிறமாகும். நிறப்பொடியின் இடத்தை நிரப்புவது இந்தச் சிறு ஏற்பாடுதான். காரம் விரும்புவோர் வழக்கமான மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஏற்கனவே வறுபட்ட தூள் கொதிக்கும் எண்ணெயில் விரைவில் கருகிக் கசந்துவிடும்.

அந்த மிளகாய் எண்ணெயுடன் 1 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 மேசைக்கரண்டி கெட்டித் தயிர், அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி கரம் மசாலாத்தூள், 1 தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து இறைச்சியில் பிசறி, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும்.

இரவு முழுவதும் ஊறினால்தான் மசாலா உள்ளே இறங்கும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் இறைச்சிக்குள் ஓரளவு ஊடுருவுவது உப்புதான். மிளகாய், மஞ்சள் போன்றவற்றின் மணமும் நிறமும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. சிறு துண்டுகளுக்குள் உப்பு இறங்க அரை மணி நேரம் போதுமானது. எலுமிச்சைச் சாறு அதிகமாகி நெடுநேரம் ஊறினால், மேற்பரப்பு மாவுபோல் குழைந்துவிடுவதும் உண்டு.

பொரிப்பதற்குச் சற்று முன்பு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, 2 மேசைக்கரண்டி சோள மாவு, 1 மேசைக்கரண்டி அரிசி மாவு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசற வேண்டும். இங்கு சோள மாவு என்பது வெள்ளை நிறத்தில், விரல்களுக்கிடையே நெருடும் மாச்சத்து. பிரிட்டனில் கார்ன்ஃப்ளார் என்ற பெயரில் கிடைக்கும் இதே பொருள் வட அமெரிக்காவில் கார்ன் ஸ்டார்ச் என்று விற்கப்படுகிறது. அங்கு கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் முழுச் சோளத்தை அரைத்த வேறொரு மாவு கிடைக்கும். மாச்சத்து மெல்லிய உறையாகி மொறுமொறுப்பைத் தருகிறது. அரிசி மாவு அந்த மொறுமொறுப்பைச் சற்று நேரம் நிலைக்கச் செய்கிறது.

பொரித்தலும் தாளித்தலும்

வாணலியில், இலங்கை வழக்கில் தாச்சியில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றக்கூடாது. எண்ணெயின் வெப்பம் 175 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது சிறந்தது. வெப்பமானி இல்லாதவர்கள் மசாலாவில் ஒரு துளியை எண்ணெயில் விட்டுப் பார்க்கலாம். அது உடனே நுரைத்து மேலெழுந்து, ஆனால் கருகாமல் இருந்தால் அதுவே பதம்.

ஒரு முறைக்கு எட்டு முதல் பத்துத் துண்டுகள் மட்டுமே இட வேண்டும். குளிர்ந்த இறைச்சியை மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் வெப்பம் சட்டெனக் குறைந்துவிடும். வெப்பம் போதுமான அளவில் இருக்கும்போது, துண்டின் ஈரம் நீராவியாக வெளியேறி, மேல்பகுதி விரைந்து உலர்ந்து இறுகுகிறது. வெப்பம் குறைந்தால் உறை இறுகுவதற்குத் தாமதமாகி, துண்டுகள் எண்ணெய் கோத்துத் தொளதொளவென்று ஆகிவிடும். ஐந்து முதல் ஆறு நிமிடங்களில் குமிழ்கள் அடங்கி, துண்டுகள் செம்பழுப்பாகும்போது எடுத்துவிடலாம்.

பின்னர் வேறொரு வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பூண்டு 1 தேக்கரண்டி, கீறிய பச்சை மிளகாய் மூன்று, இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, பொரித்த துண்டுகளை அதில் ஒரு நிமிடம் புரட்ட வேண்டும். கறிவேப்பிலையை ஈரமில்லாமல் துடைத்துக்கொள்வது அவசியம். இல்லையேல் எண்ணெய் தெறிக்கும். சிக்கன் 65-ஐப் பிற பொரித்த கோழி உணவுகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது இந்தக் கறிவேப்பிலை மணமே.

கொதிக்கும் எண்ணெயில் பொரிக்க விரும்பாதவர்களுக்கு காற்றுப் பொரிப்பான் ஒரு மாற்று. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, சிறிது எண்ணெய் தெளித்து, 200 பாகை செல்சியஸில் 12 முதல் 14 நிமிடங்கள் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பிவிடலாம். மொறுமொறுப்பு சற்றுக் குறையும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புகை எச்சரிக்கை மணி ஒலிக்கும் தொல்லை குறைவு.

எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் நீராவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசிவிடும். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும். தீ பெரிதாகிவிட்டால் அனைவரும் வெளியேறித் தீயணைப்புப் படையை அழைப்பதே சரியானது.

வெந்ததை நிறம் சொல்லாது

சிவப்பு நிறத்தால் வரும் மற்றொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. வெந்த கோழி இறைச்சியில் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. ஆனால் சாயம் இறைச்சியின் ஓரங்களில் ஏறியிருந்தால், தெரிவது வேகாத இறைச்சியின் நிறமா, சாயத்தின் நிறமா என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது.

நம்பகமான வழி வெப்பமானிதான். பெரிய துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸை எட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. 70 பாகையில் இரண்டு நிமிடங்கள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் அளவுகோல். வெப்பமானி இல்லாவிட்டால், ஒவ்வொரு முறையும் மிகப் பெரிய துண்டை வெட்டிப் பார்த்து, நடுவே ஆவி பறக்கிறதா, வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா, சதை நார் நாராகப் பிரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

கோழி இறைச்சியைக் கழுவுவது குறித்தும் கூறியாக வேண்டும். பிரிட்டனில் பாக்டீரியாவால் வரும் உணவு நச்சுக்கு மிகப் பெரிய காரணம் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி. அது பெரும்பாலும் கோழி இறைச்சியின் வழியே பரவுகிறது. குழாய்த் தண்ணீரில் இறைச்சியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் அக்கிருமியைக் கைகளுக்கும் பக்கத்தில் உள்ள பாத்திரங்களுக்கும் கொண்டுசெல்கின்றன என்பதால், கழுவ வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014 ஜூனில் பிரசாரம் மேற்கொண்டது.

மஞ்சள்தூள் இட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏற்க முடியாத அறிவுரையாகத் தோன்றலாம். கண்முன்னே வெட்டித் தரும் சந்தைக் கோழியில் இரத்தமும் இறகுத் துணுக்கும் ஒட்டியிருக்கும் என்பதால் எழுந்த வழக்கம் அது. அந்தச் சூழலில் அதற்குப் பொருள் இருந்தது. பேரங்காடியில் பொட்டலமிட்டு விற்கப்படும் இறைச்சி ஏற்கனவே சுத்தம் செய்யப்பட்டது. அதைச் சமையலறைக் காகிதத்தால் ஒற்றி ஈரத்தை எடுத்தாலே போதும். மனம் ஒப்பாதவர்கள், குழாயைத் திறந்துவிடாமல், ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டு, கழுவுதொட்டியையும் கைகளையும் சோப்பு இட்டு நன்கு கழுவிக்கொள்ளலாம். இறைச்சி நறுக்கிய பலகையில் வெங்காயத்தையும் எலுமிச்சையையும் நறுக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். பொரித்த துண்டுகளை, ஊறவைத்த அதே பாத்திரத்தில் மீண்டும் இடுவதும் கூடாது.

பழக்கம் மாறுமா?

வீட்டில் இவ்வாறு செய்யப்படும் சிக்கன் 65 செங்கல் நிறத்திலோ, கருஞ்சிவப்பிலோ இருக்கும். கடையின் பளிச்சிடும் சிவப்பு அதற்கு வராது. விருந்துக்கு வருபவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், முதலில் இதைக் கவனித்துக் கேட்கவும் கூடும். வெங்காய வளையங்களும் எலுமிச்சைத் துண்டுகளும் சூழ, சூடாகப் பரிமாறினால், இரண்டாவது துண்டுக்குப் பின் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சைவ உணவு உண்பவர்களுக்கு இதே மசாலாவில் முட்டையை விடுத்துப் பூக்கோசு அல்லது பனீரைப் பொரிக்கலாம். கர்நாடகம் 2024 மார்ச்சில் செயற்கை நிறத்துக்குத் தடை விதித்த உணவுகளில் கோபி மஞ்சூரியனும் ஒன்று என்பதால், நிறப்பொடி குறித்த எச்சரிக்கை சைவ உணவுகளுக்கும் பொருந்தும்.

ஓர் உணவகத்தின் பட்டியலிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் சென்ற உணவு இது. செல்லும் இடமெல்லாம் அது மாறியும் வந்திருக்கிறது. எலும்போடு இருந்தது எலும்பில்லாததாகவும், உலர்வாகப் பரிமாறப்பட்டது ஹைதராபாத் பாணியில் தயிர்ச் சாறு சேர்ந்ததாகவும் ஆகியிருக்கிறது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அதன் பெயர் நிலைத்திருக்கிறது. சாயம் ஒன்றை விலக்கிவிடுவதால் அந்தப் பெயருக்குக் குறை ஏதும் வந்துவிடப் போவதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகள் இந்த உணவை நிறத்தால் நினைவில் கொள்வார்களா, கறிவேப்பிலை மணத்தால் நினைவில் கொள்வார்களா என்பது, இன்று அவர்களுக்காக அடுப்பின் முன் நிற்பவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.